காற்றுச் சுத்திகரிப்புக் கருவி தயாரிப்பாளர்களுக்கு: எந்த ரேடானை நீக்குகிறீர்கள்?

வணக்கம்.

தரைக்கு அடியிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுதான் ரேடான். 'ரேடானையும் நீக்கும்' என்று விளம்பரத்தில் போடுகிறீர்கள். ஆனால் குறைவது வாயுவா, அதிலிருந்து பிறக்கும் சிதைவுப் பொருட்களா என்று பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இருப்பதில்லை.

ரேடான் மந்த வாயு. தூசியில் ஒட்டாது, உங்கள் தூசி வடிகட்டியிலும் நிற்காது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 3.8 நாள். அது சிதைந்ததும் பொலோனியம்-218 என்ற திட உலோக அணு பிறக்கிறது. பிறக்கும்போது பெரும்பாலும் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும் இந்த அணு, காற்றிலுள்ள நுண்துகளில் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் சுவர், கண்ணாடி, மின்விசிறி இறக்கை என்று எதிலாவது படியும். அப்புறம் ஈயம்-214, பிஸ்மத்-214 என்று சங்கிலி நீள்கிறது. இவற்றின் அரைவாழ்வு நிமிடக் கணக்குதான்.

உங்கள் கருவி தூசியைப் பிடிக்கிறது, காற்றைச் சுழற்றுகிறது. அதனால் நிறைய அணுக்கள் வடிகட்டியிலும் சுவரிலும் போய்ச் சேர்கின்றன. காற்றில் சிதைவுப் பொருட்களின் அளவு குறைகிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாயு அப்படியே இருக்கிறது, புது அணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. தூசி குறைந்த காற்றில் அவற்றில் அதிகப் பங்கு ஒட்ட இடமில்லாமல் தனியாக மிதக்கும். மூச்சில் போனால் அந்தத் தனி அணுக்கள்தான் மூச்சுக்குழாய்ச் சுவரில் சுலபமாகப் படிகின்றன. அதனால் சிதைவுப் பொருட்களின் அளவீடு பாதியானால் நுரையீரல் வாங்கும் கதிர்வீச்சும் பாதியாகிவிடும் என்று சொல்ல முடியாது. நீங்கள் பேசாமல் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

வடிகட்டியில் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியை வைத்து, அது படபடப்பதைக் காட்டி விற்கவும் வேண்டாம். அதே வடிகட்டியை எடுத்து வைத்து மூன்று மணி நேரம் கழித்து அளந்து காட்டுங்கள்; சத்தம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். சுவரில் படிந்ததை நினைத்துப் பயப்படவும் தேவையில்லை. அணு சிதையும்போது அங்கிருந்து பாய்ந்து வரும் ஆல்பா துகள் என்ற கதிர்வீச்சு காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும், தோலின் மேலடுக்கைத் தாண்டாது.

கண்ணாடியில் மட்டும் ஒரு சுவாரசியம் உண்டு. அதில் படிந்த அணு ஆல்பா துகளை உமிழும்போது, பின்னுதைப்பில் மிச்ச அணு கண்ணாடிக்குள்ளேயே புதைந்துவிடலாம். அப்படித் தங்கும், அதே சங்கிலியில் பின்னால் வரும் ஈயம்-210-இன் அரைவாழ்வு சுமார் 22 ஆண்டு, துடைத்தாலும் போகாது. பழைய படச்சட்டக் கண்ணாடியை அளந்தே அந்த வீட்டில் பல ஆண்டுகளாக எவ்வளவு ரேடான் இருந்தது என்று கணிக்கிறார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். வாயு எவ்வளவு குறைகிறது, சிதைவுப் பொருட்கள் எவ்வளவு குறைகின்றன, ஒட்டாத அணுக்களின் பங்கு எவ்வளவு கூடுகிறது, மூன்றையும் தனித்தனியாக அச்சிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கன மீட்டருக்கு 100 பெக்கரல் (நொடிக்கு 100 அணுச் சிதைவு) என்ற அளவு வாயுவுக்கானது. அதைக் குறைக்க, தரைக்கு அடியிலிருந்தே குழாயும் விசிறியும் வைத்து வாயுவை வெளியே இழுக்க வேண்டும், விரிசல்களை அடைக்க வேண்டும் என்பதையும் பெட்டியிலேயே போடுங்கள். இதையெல்லாம் செய்யும்வரை ரேடான் பற்றிய அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்