புதிர்க் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடந்தன. சீனப் புத்தாண்டு மாதத்திலும் தீபாவளி மாதத்திலும் கூடவில்லை. புலி, ஆடு, புல்லுக்கட்டு புதிரைச் சிறுவர்களுக்குக் கொடுத்தோம். ஏழு முறை ஆற்றைக் கடந்து அக்கரை சேர்வதை ஒரு சிறுமி இரண்டு வழிகளில் செய்து காட்டினாள். எட்டு நாணயங்களில் கனமான ஒன்றை இரண்டே நிறுவையில் கண்டுபிடிக்கும் போட்டியும் நடந்தது. இரவல் தராசைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

அப்புறம், செரில் பிறந்தநாள் புதிர். நாடகம் சிரிப்பாகிப் போனதற்கு என் விளக்கமே காரணம் என்று பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். 2015இல் இங்கே சிங்கப்பூரில் ஒரு கணித ஒலிம்பியாட்டில் கேட்கப்பட்டு உலகத்தையே சுற்றிவந்த புதிர் அது. நம் ஊர்ப் புதிரை நாமே போடாவிட்டால் எப்படி என்று நான்தான் நாடகமாக்கினேன். மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17 என்று பத்துத் தேதிகளையும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அவற்றில் ஒன்றுதான் செரிலின் பிறந்தநாள். அதில் ஆல்பர்ட்டுக்கு மாதம் மட்டும் தெரியும், பெர்னார்டுக்கு நாள் மட்டும். “எனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாது” என்று ஆல்பர்ட் அடித்துச் சொன்னதும் மே, ஜூன் அட்டைகளைக் கழற்ற வேண்டும். ஒரே ஒருமுறை வரும் 19, 18 அந்த மாதங்களில்தான் இருக்கின்றன. “இப்போது தெரிந்துவிட்டது” என்று பெர்னார்டு சொன்னால் இரண்டு 14ஆம் தேதிகளும் போகும். மிஞ்சுவது ஜூலை 16, ஆகஸ்ட் 15, 17. ஆல்பர்ட்டும் தெரிந்துவிட்டது என்றால், ஆகஸ்டில் இரண்டு மிஞ்சுவதால், ஜூலை 16தான்.

பெர்னார்டாக நடிக்க ஒப்புக்கொண்டவர் வரவில்லை. ஏழரை மணிக்கு வாட்ஸ்அப்பில் “ஓவர்டைம்” என்று ஒரே சொல். இரண்டு வேடத்தையும் நானே போட்டேன். மாதமும் நாளும் தெரிந்தவன் “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். என் விளக்கத்தில் குறை இல்லை, ஆள்தான் குறைவு.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருந்தன. அட்டை, மார்க்கர், கறிபஃப் செலவு போகச் சிறு தொகை கையிருப்பு, விவரம் பொருளாளரிடம். பாதிப்பேர் சந்தா பாக்கி. 20 வெள்ளி, பேநவ் இணையப் பணமாற்றில் அரை நிமிட வேலை. யார் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் புதிர் அவிழவில்லை.

புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டுத் தந்த வசிப்போர் குழுவுக்கும், தேநீர் கொண்டுவந்த அக்காவுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

செரில் நாடகத்தை இவ்வாண்டு மறுபடி போடலாம் என்றிருக்கிறேன். அட்டைகள் பத்தும் என் வீட்டு ஸ்டோர்ரூமில் பத்திரமாக இருக்கின்றன. பெர்னார்டு வேடம் காலி. செயலாளர் பொறுப்பும், யாராவது கேட்டால், காலியாகலாம். சந்தா கட்டியவர்களுக்கு முன்னுரிமை.

செயலாளர்