ராட்டினத்தைத் தள்ளியது யார்?

குடியாத்தம்,
வைகாசி 12

அன்புள்ள நண்பனுக்கு,

நானும் வீட்டாரும் நலம். அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து, கௌண்டன்ய ஆற்றங்கரையில் கடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ராட்டினக் கம்பிகளை லாரியில் ஏற்றுவதை நேற்று மாலை பார்த்துக்கொண்டு நின்றபோது உன் கடிதம்தான் நினைவில் ஓடியது.

பதினோராம் வகுப்புப் படிக்கும் உன் பேரன் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. கைகளை விரித்துச் சுழல்பவர் கைகளை மடக்கியதும் வேகமாகச் சுழல்கிறார். வெளியிலிருந்து திருப்பு விசை, அதாவது சுழற்சியை மாற்றும் விசை, எதுவும் இல்லாததால் கோண உந்தம், அதாவது சுழலும் நிறை, அது மையத்திலிருந்து இருக்கும் தூரம், சுழலும் வேகம் மூன்றும் சேர்ந்த சுழற்சியின் அளவு, மாறாது என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் கூடிய வேகத்துக்கு உரிய ஆற்றலைக் கொடுத்தது யார், யாருமே தள்ளவில்லையே என்கிறான். முப்பது ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை; நிறை மையத்தை நெருங்கினால் குறையும்) குறைந்தால் கோணத் திசைவேகம் (சுழலும் வேகம்) கூடும், இரண்டின் பெருக்கல் மாறாது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். ஆற்றலைப் பற்றி எந்த மாணவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது என் பாடத்தில் இருந்த பெரிய குறை என்று இப்போது உணர்கிறேன்.

நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, மரப்பலகையை வட்டமாகப் பதித்து, கையால் தள்ளிச் சுற்றும் ஒரு ராட்டினம் இதே ஆற்றங்கரைக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? ராட்டினக்காரர் தள்ளிவிட்டு விலகியதும் நாம் நால்வரும் விளிம்பிலிருந்து நடுக் கம்பத்தை நோக்கி ஊர்ந்தோம். ராட்டினம் வேகம் பிடித்தது. அவர் சத்தம் போட்டார். உள்ளே போவது அன்று எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை நினைத்துப் பார். யாரோ சட்டையைப் பிடித்து வெளியே இழுப்பதுபோல இருந்தது. பலகை இடுக்கில் காலை ஊன்றி ஊன்றித்தான் நகர முடிந்தது. உன் பேரன் தேடும் ஆற்றல் அந்தக் காலூன்றலில்தான் இருக்கிறது.

இதைக் கையால் உணர்ந்து பார்க்க என் பேத்தியை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனேன். பழைய பேனாக் குழாய் ஒன்றில் சணல் கயிற்றை நுழைத்து, மேல் முனையில் ஒரு அழிரப்பரைக் கட்டினோம். குழாயை ஒரு கையில் பிடித்து ரப்பரைத் தலைக்கு மேல் கிடைமட்டமாகச் சுழற்றிவிட்டு, குழாயை அசைக்காமல், கீழே தொங்கும் கயிற்றை மறு கையால் மெல்ல இழுக்கச் சொன்னேன். இரண்டாம் முறை செய்தபோதே, "தாத்தா, இழுக்க இழுக்கக் கயிறு கனக்கிறது" என்றாள். சுற்றின் ஆரம் பாதியானால் சுழற்சி நான்கு மடங்காகிறது, ரப்பரின் வேகம் இரு மடங்காகிறது, இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. கயிற்றின் இழுவையோ எட்டு மடங்காகிறது. அவள் கை உணர்ந்த கனம் அதுதான். கூடிய ஆற்றல் முழுவதும் அவள் தசை செய்த வேலை. நான் சுற்றுகளை எண்ணிப் பார்த்தபோது சுழற்சி நான்கு மடங்கு வரவில்லை, மூன்றுக்குச் சற்று மேலேதான் வந்தது. மீதியைக் காற்று தடுத்துக்கொண்டது.

ஆனால் கயிறு மையத்தை நோக்கித்தானே இழுக்கிறது, அது எப்படி ரப்பரை முன்னே செலுத்தும் என்று உன் பேரன் விடாமல் கேட்பான். ரப்பர் ஒரே வட்டத்தில் சுற்றும்வரை கயிற்றின் இழுவை அதன் பாதைக்குச் செங்குத்தாகவே இருப்பதால் வேகம் மாறுவதில்லை. கயிற்றை உள்ளே இழுக்கத் தொடங்கியதும் பாதை வட்டமாக இல்லாமல் நத்தை ஓட்டின் சுருளைப்போல உள்நோக்கி வளைகிறது. அந்தப் பாதைக்கு இழுவை செங்குத்தாக இல்லை, ரப்பர் போகும் திசையில் சற்றே சாய்ந்து நிற்கிறது. வேகம் கூட்டுவது அந்தச் சாய்வு. அதே நேரத்தில், இழுவையின் கோடு எப்போதும் மையத்தின் வழியாகவே செல்வதால் மையத்தைப் பொறுத்துத் திருப்பு விசை சிறிதும் இல்லை; ஆகவே கோண உந்தமும் மாறுவதில்லை. ஒரே கயிறு ஆற்றலைக் கூட்டிக்கொண்டே கோண உந்தத்தைத் தொடாமல் விடுகிறது என்பதை இந்த வயதில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

இதற்கு நேர்மாறானது நம் காலடியில் நடக்கிறது. சவ்வாது மலையில், காவலூரில், 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை நாம் பார்க்கப் போனோமே. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், விண்மீனை விட்டுவிடாமல் இருக்க அத்தனை பெரிய கருவியும் எதிர்த்திசையில் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கிறது என்று அங்கே விளக்கினார்கள். அந்த 15 பாகையும் நிலையானதன்று. நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் ஏற்றத்தை, பூமி தன் சுழற்சியில் நிலவுக்குச் சற்று முன்னால் இழுத்துச் செல்கிறது. அந்த ஏற்றத்தை நிலவு பின்னால் இழுக்கிறது. ஏற்றம் நிலவை முன்னால் இழுக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2 மில்லி விநாடி என்ற அளவில் நம் பகற்பொழுதும் இரவும் சேர்ந்த நாள் நீள்கிறது. பூமி இழக்கும் கோண உந்தத்தை நிலவு பெற்றுக்கொண்டு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. 1969-இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்த எதிரொளிப்பான்களுக்கு லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு இதை அளந்திருக்கிறார்கள்.

பூமி இழக்கும் சுழற்சி ஆற்றலில் நிலவுக்குப் போவது மிகச் சிறிய பங்குதான். பெரும்பகுதி கடலின் உராய்வில் வெப்பமாகிவிடுகிறது. மொட்டை மாடியில் ஆற்றல் கூடியது, கடலில் ஆற்றல் குறைகிறது. கோண உந்தத்தின் கணக்கு மட்டும் இரண்டு இடத்திலும் பிசகவில்லை. எதை ஓர் அமைப்பாக எடுத்துக்கொள்கிறோம் என்பதில் கவனம் வேண்டும் என்று பேரனிடம் சொல். பூமியை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் கோண உந்தம் குறைகிறது என்றுதான் எழுத வேண்டும். நிலவையும் சேர்த்துக்கொண்டால்தான் அது மாறாது.

ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரிக்கு வருவதாக எழுதியிருந்தாய். பேரனையும் கட்டாயம் அழைத்து வா. பேனாக் குழாயையும் கயிற்றையும் என் பேத்தி அலமாரியில் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்; அழிரப்பருக்குப் பதில் கனமான ஒன்றைக் கட்டினால் நான்கு மடங்கை நெருங்குமா என்று அவனோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுமாம்.

உன் அன்பு நண்பன்