சுகர் ஃப்ரீ மிட்டாயும் சூயிங்கமும் செய்யற கம்பெனிக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

போன மாசம் எங்க நாய் என் ஹேண்ட்பேக்கை இழுத்துப் போட்டு உள்ள இருந்த சுகர் ஃப்ரீ சூயிங்கத்தை கவரோட சேத்து மென்னுடுச்சு. அரை மணி நேரம்கூட ஆகல, வாந்தி எடுத்துச்சு, அப்புறம் எந்திரிக்கப் பாத்தா பின்னங்கால் ரெண்டும் வழுக்கி வழுக்கி விழுது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குது ஆனா என்னை யாருன்னே தெரியாத மாதிரி ஒரு பார்வை. இன்னும் கண்ணுலயே நிக்குது அது.

மிச்சமிருந்த கவரை எடுத்துட்டு ஓடினோம். டாக்டர் அந்தப் பொடி எழுத்துல தேடித் தேடி ஒரு வார்த்தையில விரல வச்சாங்க, சைலிடால்.

நமக்கு அது சர்க்கரைக்குப் பதிலா சேக்கற வெறும் இனிப்பு. நாய்க்கு உள்ள போனா கணையம் இன்சுலினைக் கொட்டித் தள்ளிடுது, ரத்தத்துல சர்க்கரை மளமளன்னு எறங்கி வலிப்பு வரைக்கும் போகும். உடம்பு எடையில கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இந்த ஆபத்து இருக்கு, 0.5 கிராம் அளவுக்குப் போனா கல்லீரலே கெட்டுப்போகலாம், அது ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுக்கூட தெரியவரும். சில சூயிங்கத்துல ஒரு துண்டுலயே 1 கிராம் வரைக்கும் இருக்குங்க, அப்ப 10 கிலோ நாய்க்கு ஒரே ஒரு துண்டு போதும்!

சாக்லேட் நாய்க்கு ஆகாதுன்னு நெறைய பேருக்குத் தெரியும், அதுல இருக்கற தியோப்ரோமின் நாய் உடம்பை விட்டு லேசுல போகாது. ஆனா இது தெரியாது. சர்க்கரைதான் கெடுதல், இதுல சர்க்கரையே இல்லையேன்னு நானே நெனச்சிருக்கேன். நீங்க முன்னாடி கொட்டை எழுத்துல போடறதும் அதைத்தானே.

அதனால கேக்கறேன். கவர் முன்பக்கத்துல ஒரு நாய் படம் போட்டு குறுக்கால கோடு போடுங்க, படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியணும், ஆசையா நாய்க்கு ஊட்டறது பாதி நேரம் அவங்கதான். சைலிடாலை ஈ967ன்னு மட்டும் எழுதி விட்டுடாதீங்க, அந்த நம்பர் யாருக்குங்க புரியும்.

முக்கியமா ஒரு துண்டுல எவ்ளோ கிராம்னு போடுங்க. எங்க நாய் ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்தி பொழச்சு வந்துடுச்சு, ஆனா அன்னைக்கு டாக்டர் நாயோட எடையைப் பாத்துட்டு "எவ்ளோ உள்ள போயிருக்கும்?"னு கேட்டப்ப நான் கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், அந்தக் கணக்கு அதுல எங்கயுமே இல்ல.