முடிச்சுப் போட்ட தமாலெஸ்

மெக்சிகோவின் புவெப்லாவில் எங்கள் தெருவாருக்கும், தூரத்திலிருந்து துணை நின்றவர்களுக்கும்,

எங்கள் வீட்டில் நேர்ந்த மரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதும் தெம்பு இப்போது இல்லை. ஜெபத்தின் ஒன்பதாம் இரவும் முடிந்துவிட்டது. இரவல் நாற்காலிகள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. இந்த மடலின் ஸ்பானிஷ் வடிவம், ரொட்டிபோன்ற டோர்த்தியா விற்கும் கடைச் சுவரில் ஒட்டப்படும். தமிழில் எழுதுவது, "அங்கே உங்களுக்கு யார் இருக்கா?" என்று போனில் அழுத உறவுகளுக்காகவும், மெக்சிகோவில் குடியிருக்கும் நம்மவர்களுக்காகவும்.

நம் பக்கத்தில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளிகளோ சம்பந்தி வீட்டாரோ சமைத்துக் கொண்டுவருவார்கள். இங்கே தலைகீழ். இறுதிச் சடங்கு முடிந்தபின் ஒன்பது இரவு நோவெனாரியோ ஜெபம் நடக்கும். வருகிறவர்களுக்குத் தினமும் காபியும் ரொட்டியும், கடைசி இரவு சாப்பாடும் துக்க வீட்டில்தான். அடுப்பு அணையவே அணையாது. ஆனால் அந்தப் பாரம் வீட்டார் தலையில் விழ விடமாட்டார்கள். வருகிறவர் கையில் ஒரு கிலோ சர்க்கரை, காபித்தூள், மெழுகுவத்தி, காகிதக் கோப்பை என்று ஏதாவது இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அடுப்படியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் இப்படி ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தால், பூவைவிடச் சர்க்கரை பயன்படும்.

நன்றிக்கு உரியவர்கள் பலர். முதல் நன்றி, தெருமுனையில் மாவு மில் நடத்தும் தோன்யாவுக்கு.

ஒன்பதாம் இரவுக்கு அவர் செய்து தந்தது தமாலெஸ். அரைத்த மக்காச்சோள மாவில் கொழுப்பைச் சேர்த்து அடித்து, நடுவே பூரணம் வைத்து, காய்ந்த கதிர்மட்டையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் பண்டம். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. கறி இல்லாத பூரணம் என்று சொல்லித் தரும் தமாலிலும் அது இருக்கும். மசித்த பீன்ஸிலும் கோதுமை டோர்த்தியாவிலும் இருக்கக்கூடும். சிவப்புச் சோறு பெரும்பாலும் கோழிச்சாற்றில் வெந்திருக்கும். சைவக்காரர்கள் இங்கே "இறைச்சி உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது, கொழுப்பையும் சாற்றையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். அந்த வாரம் எதையும் விசாரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. தோன்யா அதற்கு இடமே வைக்கவில்லை. தெருவுக்கெல்லாம் ஒரு பெரிய பானை, எங்களுக்கென்று தனியாக ஒரு சின்னப் பானை. சின்னதில் இருந்த ஒவ்வொரு தமாலின் இடுப்பிலும் மட்டையைக் கிழித்த நாரால் ஒரு முடிச்சு. பெரியதில் இருந்தவற்றுக்கு வெறும் மடிப்பு. கூட்டத்துக்கு நடுவே யாரையும் கேட்காமல் எடுத்துச் சாப்பிட அந்த முடிச்சு போதுமானதாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே பானையில் அடுக்கியிருந்தால் மேலிருக்கும் கொழுப்பு உருகிக் கீழே சொட்டும். அதைக்கூட யோசித்திருக்கிறார்.

முறையை எழுதலாமா என்று கேட்டோம். "எழுது, ஆனால் எண்ணெய் ஊற்றச் சொல்லாதே" என்றார். மில்லில் அரைத்த ஒரு கிலோ ஈர மாவுக்கு 300 கிராம் வனஸ்பதி. சுமார் இருபது தமாலெஸ் வரும். மில்லில் தமாலுக்கு என்று சொன்னால் சற்றே கொரகொரப்பாக அரைத்துத் தருவார்கள். வனஸ்பதியைத் தனியாகப் பத்து நிமிடம், வெளுத்துப் பொங்கும்வரை அடிக்க வேண்டும். அந்த அடியில் சிக்கும் காற்றுதான் தமாலை மெத்தென்று ஆக்குகிறது. எண்ணெயில் காற்று நிற்காது, தமால் களிபோல இறுகிவிடும். பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 300 மில்லி வெதுவெதுப்பான காய்கறிச் சாறு விட்டு மறுபடி அடிக்க வேண்டும். சாறு கொதிக்கக் கொதிக்க விழுந்தால் வனஸ்பதி உருகி, அடித்த காற்றெல்லாம் போய்விடும். குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பார்க்கவும். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும்.

பேக்கிங் பவுடருக்குப் பதில் தோன்யா பழைய வழியில் போகிறார். தொமாத்தே வெர்தே என்ற, தக்காளி போன்ற பச்சைக் காயை மூடியிருக்கும் உறைகளையும், ஒரு துண்டு தெகெஸ்கித்தே என்ற ஏரிப் படிவ உப்பையும் கொதிக்கவைத்து, மண் அடியில் தங்கியபின் தெளிநீரை மட்டும் இறுத்துச் சேர்க்கிறார். பன்றிக்கொழுப்பின் வாசம் இல்லாத குறையை இது பாதி தீர்க்கிறது. மீதியைத் தீர்ப்பது பூரணம்: சுட்டுத் தோலுரித்த பொப்லானோ மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும்.

மட்டைகளை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, வழுவழுப்பான உட்பக்கத்தில் மாவைத் தடவ வேண்டும். மடித்த முனை கீழே, திறந்த முனை மேலே இருக்கும்படி பானையில் நிறுத்தி, மேலே மட்டையும் துணியும் போட்டு மூடவும். இல்லாவிட்டால் மூடியின் நீர் சொட்டி மாவு சொதசொதத்துப் போகும். அடித்தண்ணீரில் ஒரு நாணயம் போடுவது இங்கே வழக்கம். அது தடதடக்கும்வரை தண்ணீர் இருக்கிறது. சத்தம் நின்றால் கொதிக்கும் நீரையே விட வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் ஆவி அறுந்து, பாதி வெந்தும் பாதி வேகாமலும் போகும். அதற்குக் காரணம் அடுப்படியில் யாரோ கோபப்பட்டதுதான் என்பார்கள். பானையின் காதுகளில் மட்டை நார் கட்டுவதும் அந்தத் திருஷ்டிக்காகத்தான். ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பின் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்; மட்டையில் ஒட்டாமல் கழன்றால் வெந்துவிட்டது. பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறலாம்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்கவும். ஒன்பது இரவும் காஃபே தெ ஓயா என்ற மண்பானைக் காபி காய்ச்சிய எதிர்வீட்டுச் சகோதரிகள்: ஒரு லிட்டர் நீரில் நூறு கிராம் பிலோன்சியோ வெல்லம், ஒரு பட்டை, கொதித்து இறக்கியபின்தான் காபித்தூள், ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டல். (மண்பானை வாங்குகிறவர்கள் ஈயம் கலக்காத மெருகா என்று கேட்டு வாங்குங்கள்.) முற்றத்துக்குத் தார்ப்பாய் கட்டிய இளைஞர்கள். எங்கள் மதம் வேறு என்று தெரிந்தும் ஜெபம் சொல்ல வந்து, சிலுவை இருக்கும் இடத்தில் குத்துவிளக்கு இருக்கட்டும் என்ற மூதாட்டி. ஊரிலிருந்து சடங்குகளைப் போனில் சொல்லித் தந்த பெரியப்பா. மெக்சிகோ நகரத்திலிருந்து இரவோடு இரவாக வந்த தமிழ்க் குடும்பம். அவர்கள்தான் காகித வேலைகளைப் பார்த்தார்கள். இங்கே பொதுவாக 48 மணி நேரத்துக்குள் அடக்கமோ தகனமோ நடந்தாக வேண்டும். மருத்துவர் தரும் சான்றை வைத்து ரெஹிஸ்த்ரோ சிவில் என்ற பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பதிவு. அந்தப் பதிவுச் சான்றில் கூடுதல் பிரதிகள் வாங்கி, ஊரில் காட்ட வேண்டியதற்கு வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் மாநில அரசின் அப்போஸ்தில் முத்திரையும் மொழிபெயர்ப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையில் பலம் இருக்கும்போதே இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளம் மில்லுக்குப் போகுமுன் சுண்ணாம்பு நீரில் வெந்து இரவெல்லாம் ஊறும். கிலோவுக்குப் பத்து கிராம். நம் வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றின சுண்ணாம்பு. தோலைக் கழற்றி, மாவு ஒட்டிப் பிடிக்கவைத்து, தானியத்தில் கட்டுண்ட நியாசின் என்ற வைட்டமினை உடம்பில் சேரும்படி விடுவிப்பது அதுதான். இந்தப் பக்குவம் இல்லாமல் மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் ஏழைகளை வாட்டியது. இங்கே துக்க வீட்டில் சவப்பெட்டி இருந்த இடத்தில் தரையில் சிலுவை வரைவதும் இதே சுண்ணாம்பால்தான். ஒன்பதாம் இரவு அதைப் பகுதி பகுதியாக எடுத்துச் சேர்த்துக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். பிடிச்சோறும் அதுவே, கடைசிக் கோடும் அதுவே என்று வாழ்கிற ஊர் இது. அந்த நாட்களில் எங்களுக்கு இது எப்படியோ ஆறுதலாக இருந்தது.

இதே மாநிலத்து உவாகெச்சூலா ஊரில், நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் நாளுக்கு, அந்த ஆண்டு இறந்தவர்களுக்கு வெண்பட்டு அடுக்கடுக்காக மேல்கூரை தொட எழும்பும் படையல் மேடை வைப்பார்கள். யார் வந்தாலும் உள்ளே அழைத்துச் சாப்பாடு போடுவார்கள். அந்த அளவுக்கு எங்களால் முடியாது. நவம்பர் 2 அன்று எங்கள் கதவும் திறந்திருக்கும், அவ்வளவு சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்கிறோம். ஜனவரி 6 அன்று வெட்டும், உள்ளே குட்டிப் பொம்மை வைத்துச் சுட்ட ரோஸ்கா ரொட்டியில் பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர்தான் பிப்ரவரி 2 கந்தெலாரியா திருநாளுக்குத் தமாலெஸ் தர வேண்டும் என்பது இங்கே முறை. வருகிற ஆண்டு பொம்மை யாருக்கு வந்தாலும் செலவு எங்களுடையது. பன்றிக்கொழுப்புப் போட்டவை தோன்யாவின் மில்லில் சொல்லிவைக்கப்படும். முடிச்சுப் போட்டவை எங்கள் கை. மாவு அடிக்க ஆள் வேண்டும். முதல் நாள் மாலையே வந்துவிடுங்கள்.