அமுக்கரா வைக்கவில்லை

திருகோணமலை,
ஆவணி 5.

அன்பு மகளுக்கு,

பார்சல் நேற்றுப் பின்னேரம் போட்டாச்சு. மிளகாய்த்தூள், அம்மா வறுத்த அரிசிமா, மோர்மிளகாய், பனங்கட்டி எல்லாம் இருக்கு. நீ சித்தியிடம் கேட்ட அமுக்கராத் தூள் மட்டும் இல்லை. அவ வாங்கிக் கட்டித்தான் வைத்திருந்தா. நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். அவவோடு கோபிக்காதே.

கோபம் எனக்குத்தான் வந்தது. 31 வருசம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவன் வீட்டில் இருக்க, நித்திரைக்கு என்ன எடுக்கலாம் என்று சித்தியிடமா கேட்பது? நீ தைரொக்சின் குளிசை எடுக்கிற பிள்ளை. அமுக்கரா தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடியது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வருகிற கொஞ்ச நித்திரையும் போகும். சிலருக்கு ஈரலையும் பழுதாக்கியிருக்கு. நித்திரைக்கு உதவுது என்று சில சின்ன ஆய்வுகள் சொல்லுவதை நான் மறைக்கவில்லை. ஆனால் உனக்கு அது வேண்டாம். நாட்டு மருந்துதானே, வேர்தானே என்று நினைக்காதே. முதலில் ரத்தம் கொடுத்து டி.எஸ்.எச். பார், தைரொயிட் சரியாக நிற்குதா என்று காட்டுகிற சோதனை. தைரொக்சின் அளவு கூடினாலும் இப்படித்தான் நித்திரை கெடும். மனதில்தான் பிழை என்று நீயாக முடிவெடுக்கக் கூடாது.

மத்தியானம் சோற்றுக்கு இருக்க முன்னம் நான் போனைப் பார்ப்பேன். இங்கே பன்னிரண்டரை என்றால் உனக்கு விடியச்சாமம் மூன்று மணி. உன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று நிற்கும். திங்களும் நின்றது, செவ்வாயும் நின்றது. நேற்று நிற்கவில்லை, சந்தோசப்பட்டேன். பத்து நிமிசத்தில் வந்துவிட்டது. நான் ஒன்றும் எழுதுவதில்லை. எழுதினால் அதையும் தெரியாமல் மறைத்துவிடுவாய் என்று பயம்.

ஆடி அமாவாசைக்கு வீடியோவில் வந்தாயே, கதைத்துக்கொண்டே முடியை அள்ளிக் கட்டினாய். வகிடு அகன்று மண்டைத்தோல் தெரிந்தது. அம்மா வாய் திறக்க முன்னம் கமராவைச் சீலிங் பக்கம் திருப்பிவிட்டாய். முடி கொட்டுவது அன்றன்றைய கதை இல்லை, பிள்ளை. உடம்புக்கோ மனதுக்கோ பெரிய அடி விழுந்தால் முடி வேர்கள் வளருவதை நிறுத்தி ஓய்வுக்குப் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்போடு கொத்தாக வரும். விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். வைகாசி வருகுது. வைகாசியில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மருமகனையும் சுகம் கேட்டதாகச் சொல்லு.

பிரெட்னிசொலோன் என்கிற ஸ்டீரொயிட் குளிசையை நான் எத்தனை பேருக்கு எண்ணிக் கொடுத்திருப்பேன். இழுப்பு வருத்தக்காரர், மூட்டு வருத்தக்காரர். நாலைந்து நாளைக்கு என்றால் உயிர் காக்கிற மருந்து. மாதக்கணக்கில் விழுங்கினவர்கள் என் யன்னலுக்கு முன்னால் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாது. முகம் பூரணச் சந்திரன் மாதிரி ஊதியிருக்கும். சீனி கூடியிருக்கும், பிரஷர் கூடியிருக்கும், தோல் மெலிந்து தொட்ட இடம் கன்றியிருக்கும், எலும்பு தேய்ந்திருக்கும். அந்த வகைச் சரக்கை உன் உடம்பும் செய்யும், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற அதிரீனற் சுரப்பியில். கோர்ட்டிசோல் என்பது அதுதான். யோசனையால் சுரப்பது குளிசை அளவுக்கு வராது. ஆனாலும் ஓயாமல் வருசக்கணக்கில் ஊறினால் அதே திசையில்தான் இழுக்கும்: வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு, ஏறின பிரஷர், அடிக்கடி தடிமன், ஆறாத புண்.

உன் அம்மா அப்பம்மாவைப் பராமரித்த அந்த ஐந்து வருசம் அம்மாவின் கால் புண் ஆறாமல் கிடந்தது நினைவிருக்கா? சீனிதான் என்று நான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பித்தேன். சீனி இல்லை. மறதி நோய்க்காரரைப் பராமரிக்கிற பெண்களின் கையில் அளவாக ஒரு சின்னக் காயம் வைத்து அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள், 1995 இல் வெளிவந்தது. மற்றப் பெண்களைவிட அவர்களுக்கு ஆற 9 நாள் கூட எடுத்திருக்கு. வாசித்த அன்றைக்கு நான் அம்மாவின் காலைத்தான் பார்த்தேன்.

போன வெள்ளி கோணேசர் கோயிலுக்கு ஏறினேன். கோட்டைக்குள்ளே மரத்தடியில் அந்த மான்கள் நின்றன. எங்கிருந்தோ ஒரு நாய் பாய்ந்தது. ஒரு மான் ஒரே எம்பில் மதில் பக்கம் போய், காது விறைக்க, விலா அடிக்க நின்றது. நாயை ஆரோ கல்லெறிந்து கலைத்தார்கள். நான் தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்ப, அதே மான் வாழைப்பழத் தோல் தின்னுது. சுரப்புகள் இருப்பது அதற்குத்தான். ஓடத் தேவைப்படும்போது ஓட்டும், பிறகு அடங்கும். உன் நாய் போவதே இல்லை. வேலை, வீட்டுக் கடன், மற்றது. கோர்ட்டிசோல் விடியத்தான் உச்சத்தில் நிற்க வேணும், நடுச்சாமத்தில் ஆகக் குறைய வேணும். நீ நடுச்சாமத்தை விடியலாக்கி வைத்திருக்கிறாய்.

ஆனபடியால் கேள். எழும்புகிற நேரத்தை மாற்றாதே, ஞாயிறென்றாலும். வெள்ளென வெளியில் போய் வெளிச்சத்தில் அரை மணித்தியாலம் நட. கோப்பியை மத்தியானத்தோடு விடு. நாலு மணிக்குக் குடிக்கிற கோப்பியில் பாதி ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் நிற்கும். படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் சுடுதண்ணீரில் குளி. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் ஊற்றிவிட்டு வானில் ஏற, உவர்மலை வர முன்னமே என் மடியில் நித்திரையாகிவிடுவாயே. சூட்டில் தோலுக்கு ரத்தம் வரும், அதோடு உட்சூடு வெளியேறி உடம்பு தணியும், தணிந்தால் கண் சொருகும். படுத்த பிறகு நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. நிமிசத்துக்கு ஆறு மூச்சு வரும். விடுகிற மூச்சு நீண்டால் வேகஸ் நரம்பு நெஞ்சடிப்பை மெதுவாக்கும். நான் பின்னேரங்களில் டைக் வீதிக் கடற்கரையில் இருந்து செய்கிறேன். எனக்கு 150 இல் நின்ற பிரஷர் இப்போது 130. குளிசையும் எடுக்கிறேன், அதையும் சொல்ல வேணும். போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதே. நித்திரை கொள்ளு, பிள்ளை. மற்றது எல்லாம் பிறகு.

இந்தத் தெருவில் முதலில் பல்கலைக்கழகம் போனது நீ. எல்லாருக்கும் சொல்லித் திரிந்தவன் நான். அவ்வளவு கெட்டித்தனம் இருந்தும் உன் உடம்பை ஏன் இப்படி விட்டாய் என்று ஏச வேணும் என்றுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். ஏச எனக்கு வாய் இல்லை.

2006 ஆவணி. நீ ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் சோதினைக் காலம். மூதூர்ப் பக்கமிருந்து கடலுக்கு மேலால் ஷெல் சத்தம். நான் ஆஸ்பத்திரியில் என்னென்னவோ பார்த்துவிட்டு இரவு வந்து, கறிக்கு உப்புக் காணாது என்று சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். உன் கணக்குக் கொப்பியில் பருப்புத் தெறித்தது. அதை நீ துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தாய், ஒரு சத்தமும் இல்லாமல். அடுத்த நாள் விடிய உனக்கு வயிற்றுவலி. அதற்கடுத்த நாளும். பாசாங்கு என்றேன். வெள்ளைப் பாணி மருந்து இரண்டு கரண்டி பருக்கிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்.

பாசாங்கு இல்லை. பயந்த உடம்பு குடலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துக் கைகாலுக்கு அனுப்பும், ஓடுவதற்கு. வயிறு உண்மையாகவே நோகும். மருந்து படித்த எனக்கு அது தெரியாததில்லை. பிள்ளை ஷெல்லுக்குப் பயப்படவில்லை, உங்கட மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத்தான் வயிற்றைப் பிடிக்குது என்று அம்மா அன்றைக்கே சொன்னா. அவவையும் ஏசினேன். நாட்டு நிலைமை என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாடு கோப்பையை எறியவில்லை.

நீ நொந்தால் சித்தியிடம் போகப் பழகியது அந்த வருசம்தான். அமுக்கராவை வெளியே எடுத்து வைத்தபோது எனக்கு அது விளங்கியது. மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வருகுது, வாயால் சொல்ல இன்னும் வருகுதில்லை.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் எங்களுக்கு எடு. இங்கே பகல்தானே, ஒருவரையும் எழுப்புவதாக இராது. நான் வைகாசியைக் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்பேன். சொல்ல விருப்பமில்லை என்றால் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படு. அம்மா அம்மியில் சம்பல் அரைக்கிற சத்தம் கேட்கும்.

அப்பா

டி.எஸ்.எச். எத்தனை என்று வந்ததும் எழுது. இலக்கத்தை மட்டும் எழுதினாலும் போதும்.