ஏப்ரல்ல வர்றதா இருந்தா, அக்கா

சமுத் பிராகான், தாய்லாந்து,
8 பிப்ரவரி 2026, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கிறது. நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு? ராத்திரி இழுப்பு கொறஞ்சிருக்கா? என்கிட்ட கேட்டா "எனக்கு என்னடா, நல்லா இருக்கேன்"னு சொல்லி போனை உன் கையில குடுத்துடுறா. ஏப்ரல்ல இங்க நடக்குற சொங்க்ரான், அதான் தாய் வருஷப் பிறப்புத் தண்ணித் திருவிழா, அதுக்கு நீங்க எல்லாரும் எந்த ஊருக்கு வரலாம்ங்கிறதை போன்லயே சொல்லியிருக்கலாம்தான். ஆனா நீ ஒரு பக்கம் மிக்ஸி ஓட்டுற, அத்தான் ஒரு பக்கம் பட்டாயா பட்டாயான்னு நிக்கிறாரு, ஒண்ணும் முழுசா காதுல விழல. அம்மாவும் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை வாசிக்கட்டும்னுதான் பேப்பர்ல எழுதுறேன்.

முதல்ல அத்தானுக்கு பதில். பட்டாயாவுல தண்ணித் திருவிழா சூடு பிடிக்கிறது 18, 19 தேதியில. கடற்கரை ஊர்கள்ல அதை 'வான் லாய்'னு சொல்றாங்க. அதனால நெட்டுல 13-ன்னு பாத்துட்டு அன்னைக்குப் போய் இறங்கினா அசல் கூத்தைப் பாக்க முடியாது. அசல் கூத்துக்குப் போனா அம்மாவையும் பிள்ளைங்களையும் ரூமுக்குள்ள பூட்டி வச்சுட்டுத்தான் போகணும். அத்தான் தனியா ஆபீஸ் ஆளுங்களோட வரட்டும், கூட்டிட்டுப் போறேன். குடும்பத்தோட வர்றதா இருந்தா பட்டாயா வேண்டாம்.

சொங்க்ரான்ங்கிற பேரே நம்ம சங்கராந்திதான். சூரியன் மேஷ ராசிக்குள்ள போற நாள். நமக்கு சித்திரை ஒண்ணு, இவங்களுக்கு ஏப்ரல் 13, 14, 15 மூணு நாள் அரசாங்க லீவு. வருஷக் கணக்குக்கு ஜனவரி ஒண்ணுதான்னு 1941-லயே மாத்திட்டாங்க. ஆனாலும் ஊருக்குப் போறது, பெரியவங்க கால்ல விழறது, வீட்டைக் கழுவி விடுறது எல்லாம் இன்னும் ஏப்ரல்லதான். நான் வந்து மூணு சொங்க்ரான் பாத்தாச்சு, மூணும் மூணு ஊர்ல. அதைச் சொல்றேன், நீயே முடிவு பண்ணு.

முதல் வருஷம், 2023. அம்மா போன்ல, "வருஷப் பிறப்பும் அதுவுமா கோயிலுக்குப் போகாம இருக்காதடா"ன்னு சொல்லியிருந்தா. பாங்காக்ல சீலோம் ரோட்டுல ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்க வந்து சேந்த நம்ம ஆளுங்க கட்டினது, நம்ம ஊர் கோபுரம் அப்படியே. இப்ப உள்ள போனா நம்மளைவிட தாய் ஜனங்கதான் மாலையும் தேங்காயுமா வரிசையில நிப்பாங்க. நான் பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசிக்கிட்டு மேம்பால ரயில்ல கிளம்பினேன். சுரசக் ஸ்டேஷன்ல இறங்கியிருக்கணும். புதுசு இல்லையா, சீலோம்னா சாலா டேங்னு நெனச்சு அங்க இறங்கித் தொலைச்சேன். படி இறங்கினா ரோடு முழுக்க தலை. ஒரு வண்டி கிடையாது. பூப்போட்ட சட்டை போட்ட ஒரு அம்மாவுக்கு அறுபது வயசுக்குக் குறையாது, தன் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தூக்கி நிதானமா குறி பாத்து என் நெத்தி விபூதியில அடிச்சாங்க. திரும்பினா இன்னொருத்தர் ஐஸ் கட்டி போட்ட டிரம்முல இருந்து ஒரு வாளி மோந்து முதுகுல கவுத்தினாரு. இன்னொரு பிள்ளை ஓடி வந்து வெள்ளைக் குழம்பை ரெண்டு கன்னத்துலயும் தடவிட்டுக் கும்பிட்டுட்டுப் போச்சு. நாமக்கட்டியைக் குழைச்ச மாதிரி இருந்துச்சு, அதுக்குப் பேரு 'தின் சோ போங்'. கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வேட்டி மடியில இருந்த போன் செத்துப் போச்சு. அன்னைக்கு நான் போன் பண்ணலைன்னு அம்மா ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசலையே, காரணம் இதுதான். இப்பத்தான் சொல்றேன்.

பொய் சொல்லக் கூடாது, சிரிச்சு வயிறு வலிச்சது. அவ்வளவு கூட்டத்துல ஒருத்தர் முகத்துலயும் கோபம் இல்ல. வாலிபப் பசங்களுக்கு சீலோமும் காவ் சான் ரோடும் சொர்க்கம். ஆனா எல்லாரும் நனையிறாங்களே தவிர எதுக்கு நனையிறாங்கன்னு அங்க எனக்கு ஒண்ணும் புரியல. பாங்காக்லயே அமைதியா பாக்கணும்னா சனாம் லுவாங் மைதானத்துக்குப் போகலாம். மியூசியத்துல இருக்குற 'ப்ரா புத்த சிகிங்'ங்கிற புத்தர் சிலையை இந்த நாள்ல வெளிய எழுந்தருளப் பண்ணி, ஜனங்க வரிசையா வந்து பூ போட்ட வாசனைத் தண்ணியை ஊத்துவாங்க. நம்ம அபிஷேகம்தான்.

அடுத்த வருஷம் சியாங் மாய். என்கூட பிளான்ட்ல வேலை பாக்குறவரு அந்த ஊர்க்காரரு, அவரு வீட்டுக்கே கூட்டிட்டுப் போனாரு. ராத்திரி ரயிலு, எழுநூத்தம்பது கிலோமீட்டர். இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறேன், பொறுத்துக்கோ.

அங்க பண்டிகை நாலு நாள், நாளுக்கு ஒரு வேலை. 13-ஆம் தேதி வீடு கழுவுறது. அன்னைக்கு மத்தியானம் வாட் ப்ரா சிங் கோயில் புத்தரைத் தேர்ல வச்சு ஊருக்குள்ள கொண்டு வர்றாங்க, வழி நெடுக ஜனங்க வெள்ளிக் கிண்ணத்துல தண்ணியோட நிக்கிறாங்க. 14-ஆம் தேதிக்கு 'வான் நாவ்'னு பேரு. அன்னைக்கு ஒருத்தரையும் திட்டக் கூடாது, திட்டினா வருஷம் பூரா வாய் நாறுமாம். (உன் பெரியவனுக்குச் சொல்லி வை.) அன்னைக்குத்தான் பிங் ஆத்துல இருந்து வாளி வாளியா மணல் அள்ளிட்டுப் போய் கோயில் முற்றத்துல கோபுரம் மாதிரி குவிச்சு, காகிதக் கொடி குத்தி வைக்கிறாங்க. ஏன் தெரியுமா? வருஷம் முழுக்க கோயிலுக்கு வந்து போறவங்க கால்ல ஒட்டிக்கிட்டு கொஞ்சம் மணல் போயிருக்குமாம். அது கோயில் சொத்தாம், திருப்பிக் குடுத்துடணுமாம். சிவன் சொத்து குல நாசம்னு நம்ம ஆச்சி சொல்லுவாளே, அதேதான். நானும் ரெண்டு வாளி சுமந்தேன். பாபநாசம் படித்துறையில இருந்து ஒட்டிட்டு வந்த மணலுக்குக் கணக்கு இங்க தீருமான்னு தெரியல.

15-ஆம் தேதி காலையில அவரு பாட்டிக்கு எல்லாரும் தண்ணி ஊத்தினாங்க. வடக்குல பாட்டியை 'மே உய்'னு கூப்பிடுறாங்க. அதுக்கு முன்னாடி மே உய் கரி அடுப்புக்கு முன்னால குத்த வச்சு உக்காந்து, சுருங்கின பழுப்புக் காய் நாலஞ்சை கம்பியில வாட்டிக்கிட்டு இருந்தாங்க. 'சோம் போய்'னாங்க. லேசாப் பொரிஞ்சதும் ஒடிச்சு, மஞ்சளும் பூவும் கெடந்த வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணியில போட்டாங்க. ஆவி மேல வந்துச்சு பாரு, அக்கா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சீயக்காய்! நம்ம வீட்டு சனிக்கிழமை வாசனை. அம்மா முடியைப் பிடிச்சு இழுத்துத் தேய்க்கையில கண்ணுல பட்டு நாம கத்துவோமே, அந்த சீயக்காயேதான். ரெண்டும் ஒரே கொடி. நமக்கு அது எண்ணெய் போக்க, இவங்களுக்கு தீட்டுப் போக்க. ஒவ்வொருத்தரா மண்டி போட்டு அந்தக் கிண்ணத்தை ரெண்டு கையாலயும் நீட்டினோம். அவங்க விரலை நனைச்சு தன் தலையில தடவிக்கிட்டு, நமக்கு வாழ்த்துச் சொல்றாங்க. என் முறை வந்தப்ப ரொம்ப நேரம் என்னமோ சொன்னாங்க. ஒரு வார்த்தை புரியல, தலையை மட்டும் ஆட்டினேன். பெறகு கேட்டா, "இவன் ரொம்ப இளைச்சிருக்கான், சோத்துல வஞ்சகம் பண்ணாம இருக்கட்டும்"னு சொன்னாங்களாம்.

16-ஆம் தேதி பலாக்காய்க் குழம்பு வச்சே ஆகணும். பலாவுக்கு இவங்க பாஷையில 'கனுன்'னு பேரு. அதுல இருக்குற 'நுன்'னுக்கு முட்டுக் குடுத்துத் தூக்கி விடுறதுன்னு அர்த்தமாம், அதைச் சாப்பிட்டா வருஷம் நம்மளைத் தாங்குமாம். நாம வேப்பம்பூப் பச்சடி வைக்கிறதுக்கு ஒரு அர்த்தம் சொல்றோமில்ல, அந்த மாதிரி.

பண்டிகையைப் பண்டிகையா பாக்கணும்னா சியாங் மாயை அடிச்சுக்க ஊர் இல்ல. அகழியைச் சுத்தித் தண்ணிச் சண்டையும் உண்டு, சந்துக்குள்ள திரும்பினா கோயிலும் உண்டு. ஆனா அம்மாவை அங்க கூட்டிட்டுப் போக மாட்டேன். காட்டுக்கும் வயலுக்கும் தீ வைக்கிற காலம் அது. பிப்ரவரியில ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் ஊர் மேல புகை உக்காந்துக்கிட்டு இருக்கும். தோய் சுதேப் மலை ஊரை ஒட்டியே நிக்குது, நான் இருந்த நாள்ல அது கண்ணுக்கே தெரியல. எனக்கே தொண்டை கரகரன்னு இருந்துச்சு. இழுப்பு இருக்குற ஆளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இப்ப நான் சொல்ல வந்த ஊருக்கு வர்றேன். ப்ரா ப்ரடேங். என் ரூம்ல இருந்து போய் ஆத்தைத் தாண்டினா வந்துடும், அவ்வளவு பக்கம். ரெண்டு வருஷம் எங்கெங்கயோ அலைஞ்சுட்டு போன வருஷம்தான் அங்க போனேன், வெக்கமா இருந்துச்சு. பர்மா பக்கமிருந்து வந்த மோன் ஜனங்களை இரண்டாம் ராமா ராஜா 1815-ல குடியேத்தின ஊரு. அவங்க சொங்க்ரான் எல்லாரும் முடிச்ச பெறகு, ஒரு வாரம் போல தள்ளித்தான் வரும். ஊரெல்லாம் லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பியிருக்கும், இங்க அப்பத்தான் கொடி ஏறும்.

ஊர்வலம் ஒண்ணு வரும். தோள்ல துண்டு போட்ட மோன் பொம்பளைங்க கையில மீன் இருக்குற கண்ணாடிக் குடத்தைத் தூக்கிட்டு நடந்து போய்க் கோயில் பக்கத்துத் தண்ணியில விடுவாங்க. வயசானவங்களை வரிசையா நாற்காலியில உக்கார வச்சு, சின்னதுங்க கையில தண்ணி ஊத்தும். சாயந்தரம் வீட்டு முன்னால 'சபா'ன்னு ஒரு விளையாட்டு. பொண்ணுங்க ஒரு பக்கம் ஜோடிச்சுக்கிட்டு வரிசையா இருக்க, பசங்க எதிர்ப்பக்கம் நின்னு வட்டமா இருக்குற சில்லை உருட்டி அடிக்கணும். எத்தனை கல்யாணம் இதுல ஆரம்பிச்சுதோ. ஆளுயரச் சட்டியில ஒட்டுற அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டு ரெண்டு பேர் துடுப்பால கிண்டிக்கிட்டே இருப்பாங்க, 'கலமே'ன்னு பேரு. கீழக்கரைத் தொதலைச் சாப்பிட்டிருக்கியா? அதுக்கு அண்ணன் தம்பி. அம்மாவுக்குப் பிடிக்கப் போறது வேற: 'காவ் சே'. மல்லிப்பூ வாசனை ஏத்தின குளிர்ந்த தண்ணியில சோறு மிதக்கும், தொட்டுக்க இனிப்பு முள்ளங்கி, இறால் விழுது உருண்டைப் பொரியல். மோன் வீட்டுச் சாப்பாடா இருந்து அரண்மனைக்கே போன பதார்த்தம். நம்ம பழையசோறுதான், பூ வச்சுக்கிட்டு வந்திருக்கு.

தண்ணி ஊத்துறதும் உண்டு, பெரிய ரோட்டுல பிக்கப் வண்டிக் கூத்தும் உண்டு. ஆனா அந்த ஊர்ல தப்பிச்சு நிக்க வீட்டுத் திண்ணை இருக்கு. "உக்காரும்மா"ன்னு நாற்காலி போடுறாங்க. அம்மாவுக்கு வேண்டியது அது ஒண்ணுதானே. பிள்ளைங்க பரீட்சையும் அதுக்குள்ள முடிஞ்சுடும், லீவு போட வேண்டாம்.

அப்பா இருந்திருந்தா நான் வேற ஊர் சொல்லியிருப்பேன். தெக்க நக்கோன் சீ தம்மராட்ல சொங்க்ரான் சமயத்துல 'ஹே நாங் தான்'னு ஒரு ஊர்வலம் நடத்துறாங்க. சூரிய சந்திரர், பூமாதேவி, கங்கை உருவத்தைப் பலகையில செதுக்கித் தூக்கிட்டு வந்து, பூமிக்கு இறங்கி வர்ற சிவனுக்கு ஊஞ்சல் போடுறாங்க. அதுக்கு மூலம் 'த்ரியம்பவாய்'ங்கிற பிராமணச் சடங்கு. அந்தப் பேரை மெதுவாச் சொல்லிப் பாரு. திருவெம்பாவை! மார்கழியில அப்பா விடியக்காலையில தொண்டை கட்டக் கட்டப் பாடுவாரே, அது கடல் தாண்டி இங்க வந்து கெடக்கு. நான் இன்னும் போகல. தனியாப் போக மனசு வரல.

வர்றதுக்கு முன்னால ரெண்டு மூணு விஷயம். அத்தான் இங்க வந்து வாடகை பைக் எடுக்கவே கூடாது. சொங்க்ரானை ஒட்டின ஏழு நாளை இங்க 'ஆபத்தான ஏழு நாள்'னே சொல்லுவாங்க, விபத்துல பெரும்பாலும் பைக்தான், குடியும் ஒரு பெரிய காரணம். மத்தபடி ரயிலு, ஆத்துப் படகு எல்லாத்துலயும் நான் கூட்டிட்டுப் போறேன். வெயில் நம்ம ஊர் அக்கினி நட்சத்திரம் மாதிரி இருக்கும், அதோட புழுக்கமும். பிள்ளைங்களுக்குத் துப்பாக்கி அங்க வாங்காத, இங்க நூறு பாத் (தாய் காசு) குடுத்தா நல்லதே கிடைக்கும். சாமியார், கைக்குழந்தை, வயசானவங்க மேல அடிக்கக் கூடாதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வா. அம்மாவோட இழுப்பு மருந்து ரெண்டு, கைப்பையில.

கடைசியா, முழுச் சீயக்காய் கால் கிலோ வேணும். அரைச்சது இல்ல, காயாவே. போன மாசம் மே உய் போன்ல, "உங்க ஊர் சோம் போய் எப்படி இருக்கும், காட்டேன்"னு கேட்டாங்க. அவங்க பேரன்கிட்ட குடுத்து விடணும். ப்ரா ப்ரடேங் தேதி தெரிஞ்சதும் போன் பண்றேன். நீ பரீட்சை முடியிற தேதியை அனுப்பு, அத்தான் பட்டாயாவுல ரூம் போடுறதுக்குள்ள.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

உன் தம்பி