ஸ்டியரிங்கில் சத்தம் வந்தாலே முழு ரேக்கையும் மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வீடு திருவொற்றியூர், வேலை ராயபுரம். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய சின்ன கார், எண்ணூர் விரைவுச் சாலையில்தான் தினமும் போய் வர வேண்டும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை. அந்த லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங்கில் லேசாக ஒரு சத்தம் கேட்டாலும் வயிற்றைப் பிசையும்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு, காலையில் வண்டியை எடுக்கும்போது நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்பக்கத்திலிருந்து "டொய்ங்" என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது, கட்டில் ஸ்பிரிங் விடுபட்ட மாதிரி. தெரிந்த ஒருவர் பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்திருக்கும், ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். பானெட்டைத் திறந்து தேடினால் ஆயில் டப்பாவே இல்லை. என் காரில் இருப்பது மோட்டாரில் இயங்கும் எலெக்ட்ரிக் ஸ்டியரிங், அதற்கு ஆயிலே கிடையாது. அப்புறம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, ரேக் (ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த தண்டு) போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டதற்கு, கழற்றினால்தான் தெரியும் என்று பதில். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடைசியில் காலடிப்பேட்டையில் ஒரு சின்ன ஷெட். அங்கே இருந்த மெக்கானிக் ஸ்பேனரையே எடுக்கவில்லை. என்னை உள்ளே உட்காரவைத்து, "மெதுவா ஒடிங்க சார், நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, டயருக்கு மேலே கையை விட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். பிறகு இடம் மாறி, அவர் ஒடிக்க, என் கையை வைக்கச் சொன்னார். ஸ்பிரிங் டயரோடு சேர்ந்து திரும்பாமல் முறுக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் துள்ளி விடுபடுகிறது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் விரலில் தெரிந்தது. ரேக்கில் ஒரு குறையும் இல்லை. ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரட் என்ற தூணின் தலையில், அது திரும்புவதற்காக இருக்கும் பேரிங் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கழற்றி உள்ளங்கையில் வைத்தபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு மாதிரி துருதான் இருந்தது. உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? இரண்டு பக்கமும் பேரிங், மவுண்ட் மாற்றி வீல் அலைன்மென்ட்டும் பார்த்து, எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. (இதை வீட்டில் யாரும் முயல வேண்டாம். அந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் ஆளையே அடித்துவிடும்.)

இதைச் சொல்வதற்குக் காரணம், சத்தத்துக்குச் சத்தம் இடம் வேறு. வண்டி நகரும்போது முழுசாக ஒடித்துத் திருப்பினால் கடகடவென்று வந்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் வெளி ஜாயின்ட்டைப் பாருங்கள், அங்கே ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். ஆயில் ஸ்டியரிங் உள்ள பழைய வண்டியில் ஒடிக்கும்போது ஊளையிடுகிற மாதிரி கேட்டால் ஆயில் இறங்கியிருக்கும், அல்லது காற்று புகுந்திருக்கும். கீச்சென்றால் பெல்ட். எந்த ஆயில் என்று மூடியிலோ கையேட்டிலோ பார்த்துத்தான் ஊற்ற வேண்டும், எதையாவது ஊற்றினால் சீல் கெட்டுவிடும். ஸ்டியரிங் வீலுக்கு உள்ளேயே சரசரவென்று உரசி, கூடவே ஹாரனும் சரியாக அடிக்காமல் ஏர்பேக் விளக்கும் எரிந்தால் அது உள்ளே சுருண்டிருக்கும் ஒயர் சுருள். அதற்கும் ரேக்குக்கும் சம்பந்தமே இல்லை.

பள்ளத்தில் இறங்கும்போது லொடக் லொடக் என்று வருகிறதே, அதைத்தான் தள்ளிப்போடவே கூடாது. சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு, லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் என்றால் கொஞ்சம் பொறுக்கும். ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனையோ (டை ராடு எண்டு), லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டோ கழன்றுவிட்டால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், கன்டெய்னர் லாரி பக்கத்தில் இருக்கும்போது அப்படி ஆனால் என்ன கதி? முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தால் டை ராடு, அது ரேக்கோடு சேரும் ரேக் எண்டு பக்கம் பார்க்க வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இதற்கு ஐந்து நிமிஷம் போதும். ரேக்கே தேய்ந்து சத்தம் போடுவதும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

உங்கள் நாளிதழில் புதுக் கார் அறிமுகம் அடிக்கடி வருகிறது, விரும்பித்தான் படிக்கிறேன். எங்கள் பக்கம் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, மணலி என்று எந்தத் தெருவில் பார்த்தாலும் செகண்ட் ஹேண்டு வண்டிகள்தான் அதிகம் நிற்கின்றன. அதை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு 28,000 ரூபாய் என்பது இரண்டு மாத வீட்டுச் செலவு. எந்தச் சத்தத்துக்கு எந்த இடம் என்று, அனுபவமுள்ள மெக்கானிக்குகளைக் கேட்டு, படத்தோடு ஒரு பகுதி வெளியிடுங்கள். காலடிப்பேட்டைக்காரரிடம் கேட்டுவிட்டேன், அவர் சொல்லித்தரத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவொற்றியூர்